காதுவரை போன கை

ஜூன் 2

மூக்கி,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

நேற்று போதகர் வீட்டுக்குப் போனேன். ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். என்னோடு எப்படிப் பேசுவது? அவர் ஒரு தாளில் எழுதினார், நான் ஒரு தாளில் எழுதினேன். "விசுவாசத்துக்குள் எப்படி வந்தீர்கள்?" என்று எழுதினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினேன்: "கேள்வியால். பிப்ரவரியில் நீங்கள்தானே பிரசங்கித்தீர்கள், விசுவாசம் பிறப்பது கேள்வியால் என்று? அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இதுவரை நாற்பத்தொரு கேள்வி." என் நோட்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். பிறகு எழுதினார்: "அம்மா, அந்த இடத்தில் கேள்வி என்றால் காதால் கேட்பது. பழைய தமிழ். சந்தேகம் கேட்பது அல்ல."

உள்ளறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தால் சிரிப்போமே, அது. எனக்கு முப்பத்தெட்டு வயது.

அன்று முன்வரிசையில் காது கேட்காத எங்கள் பதினொரு பேருக்கு எதிரே நின்று அவர் பேச்சைக் கையால் சொன்னது நீ. நீ காட்டியது காது இல்லை. காற்றில் கேள்விக்குறிக்கு ஒரு கொக்கி போட்டுப் புள்ளி வைத்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான்கு மாதமாக அந்தக் கொக்கியில்தானே தொங்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தும் பார்த்தேன். அங்கேயும் 'கேள்வி' என்றே அச்சாகியிருந்தது. பிறகு யாரிடம் போய்ச் சந்தேகப்படுவேன்?

என்ன நடந்தது? எழுது. ஞானஸ்நானம் செப்டம்பர் பன்னிரண்டு. அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

ஊசி


ஜூன் 11

அன்புள்ள ஊசியக்கா,

உங்கள் கடிதத்தை ஆறு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பேருந்தில் ஒருமுறை, மாடிப்படியில் ஒருமுறை என்று படித்து மடிப்பே கிழிந்துவிட்டது. புத்தகத்தை மூக்கில் ஒட்டிப் படிக்கிறவள் என்று காட்டி நீங்கள் எல்லோரும் கைமொழியில் எனக்கு வைத்த பெயரை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல்முறை. இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட யாருமில்லை.

புது வேலை பிடித்திருக்கிறது. காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதிக்கும் கிளினிக். எனக்கு ஒரு மேஜை, ஒரு கருவி, எதிரே கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் சின்ன அறை. சுவர் முழுக்கச் சாம்பல்நிறப் பஞ்சு. வருபவர் உள்ளே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொள்வார். நான் பொத்தானை அழுத்துவேன். ஒலி கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போவேன். ஒரு கட்டத்துக்குமேல் எல்லோர் முகமும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது அக்கா. கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, தூங்கப்போகிற குழந்தை போல. நான் ஒன்றுமே அனுப்பாதபோதும் சிலர் விரலைத் தூக்குகிறார்கள். அதைத் தவறு என்று குறிக்க வேண்டும். குறிக்க மனசே வருவதில்லை.

ஆள் வராத மதியங்களில் நானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு என் ரத்தம் ஓடுவது கேட்கும். பிறகு அதுவும் எங்கோ தூரத்துக் கடல் மாதிரி ஆகி, நான் எங்கே முடிகிறேன், அறை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும். "இதுக்கு ஒருத்தி பஸ் ஏறிப் போகணுமா? எனக்கு இது தெனமும் கெடைக்குதே" என்று நீங்கள் காட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்று கை தவறிவிட்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம், போதகரும் வேகமாகப் பேசினார். உங்களை அவர்கள் வீட்டில் அப்படி உட்காரவைத்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

மூக்கி


ஜூன் 19

மூக்கி,

பொய் சொல்கிறாய்.

நான் தையல்காரி. அளவெடுக்கும்போது ஆள் நிமிர்ந்து நிற்பதுபோல நடிப்பதைக் கண்டுபிடிக்கிறவள். ஒரு கை எங்கே போகக் கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அன்று உன் வலது கை மேலே போனது. தோளைத் தாண்டியது. காதுக்கு இரண்டு விரல்கடைக்கு முன்னால் நின்றது. அரிப்பெடுத்தவள் மாதிரி கம்மலைத் தொட்டது. அப்புறம் இறங்கி வந்து கொக்கி போட்டது. தவறுகிற கை நேராகத் தவறும். காதுவரை போய் யோசித்துவிட்டுத் தவறாது.

பிறந்ததிலிருந்து நான் உதட்டில் அதிகம் படித்த வாக்கியம் எது தெரியுமா? "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்." கல்யாண வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் கால்மணி நேரம் பேசினார். அண்ணன் என் பக்கம் திரும்பி, ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். நீ ஒருத்திதான் எங்களிடம் எதையும் மறைக்காதவள் என்று இருந்தேன். போதகர் இருமினால்கூட 'இருமுகிறார்' என்று காட்டுவாயே.

என் வீட்டுக்காரரை உனக்குத் தெரியும். தச்சருக்குக் காதும் கேட்காது, கடவுள் பேச்சும் ஆகாது. "தண்ணியில முங்கி எந்திரிச்சா காது தொறந்துடுமா?" என்று தினம் ஒருதரம் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். அவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் வாரம் முழுக்கக் கொக்கி போட்டுக் காட்டியே கொன்றுவிடுவார்.

நாற்பத்திரண்டாவது கேள்வி வந்துவிட்டது. தப்பான சொல்லில் பிறந்த விசுவாசம் செல்லுமா? காது வழியாகத்தான் வரும் என்றால் எனக்கு எந்த வழியாக வந்தது? அன்று போதகர் வேறு என்னவெல்லாம் சொன்னார்? எதையெல்லாம் எங்களுக்குத் தராமல் நீயே வைத்துக்கொண்டாய்?

ஊசி


ஜூலை 8

அக்கா,

ஆமாம். வேண்டுமென்றேதான் செய்தேன்.

அன்று அவர் சொன்னதை இப்போது தருகிறேன். ஐந்து மாதம் தாமதம். கேள்விப்படாத ஒருவரை ஜனங்கள் எப்படி நம்புவார்கள், சொல்ல ஒருவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று ஆரம்பித்தார். விசுவாசத்துக்குக் காதுதான் வாசல் என்றார். கேட்காமலே செத்துப்போனவர்கள் கெட்டுப்போனவர்கள்தான், அவர்களுக்கு மீட்பில்லை, அதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்றார். அதைச் சொல்லும்போது மேஜையைத் தட்டினார். அந்த அதிர்வு தரை வழியாக உங்கள் கால்களுக்கு வந்திருக்கும். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் 'கடவுள் அன்பானவர்' என்று காட்டினேன்.

கைமொழியை எங்கே கற்றாய் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் 'வீட்டில்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என் அம்மாவுக்குக் காது கேட்காது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள். ஞானஸ்நானம் எடுத்தவள் இல்லை, சபைக்குள் கால் வைத்தவளும் இல்லை. நான் பக்கத்து வீட்டுக்காரர்களோடு உள்ளே போவேன். அவள் வாசல் கேட்டுக்கு வெளியே குடையோடு நிற்பாள். உள்ளே அவளோடு பேச யாருமில்லை, பாட்டு எப்போது முடியும் என்றுகூடத் தெரியாது, பிறகு எதற்கு வருவாள்?

திரும்பி நடக்கும்போது கேட்பாள். என் தோளைத் தட்டி, சபை இருக்கும் திசையைக் காட்டி, "என்ன சொன்னாங்க?" எனக்கு ஏழு வயது. பசி. கையில் வேறு ஏதாவது வைத்திருப்பேன். ஒரு கையாலேயே காட்டிவிடுவேன்: ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்.

ஏழு வயதில் மட்டும் இல்லை அக்கா. பதினேழிலும் அதையேதான் காட்டினேன். அவள் கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் அதை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

சொல்ல ஒருவன் இல்லாவிட்டால் என்று போதகர் கேட்டாரே. என் அம்மாவுக்குச் சொல்ல ஆள் இருந்தது. ஒரே குடைக்குள், கூடவே நடந்து வந்தது. அவளைக் குறித்த தீர்ப்பை என் கையாலேயே காற்றில் எழுதிக் காட்டு என்றால் நான் என்ன செய்வேன்?

அவள் கனவில் வருகிறாள். சலவைக்கூடத்தின் பின்முற்றம். கொடிகள் நிறைய வெள்ளைப் படுக்கைவிரிப்புகள், முடிவே இல்லாமல். காற்று வந்து அவை எழுந்து எழுந்து விழுகின்றன. அம்மா நடுவில் நின்று என்னவோ சொல்கிறாள். ஒரு விரிப்பு தணியும்போது அவள் கை தெரிகிறது, பாதி அசைவைப் பிடிக்கிறேன், அதற்குள் அடுத்தது எழும்பிவிடுகிறது. நான் விரிப்புகளை விலக்கிக்கொண்டே போகிறேன், ஈரம் முகத்தில் ஒட்டுகிறது, அவள் அதே தூரத்தில்தான் இருக்கிறாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. விழித்த பிறகு அதுதான் தாங்கமுடியவில்லை.

இங்கே தெருமுனையில் ஒரு சபை இருக்கிறது. ஞாயிறு காலையில் எதிர்ப்பக்க நடைபாதையில் நடப்பேன். பாட்டு வெளியே வரும். உள்ளே போகமாட்டேன். ஆனால் வேறு தெரு வழியாகவும் போகமாட்டேன். அந்தப் போதனை உண்மையென்றால் அதைச் சொன்ன கடவுளை என்னால் நேசிக்க முடியாது. பொய்யென்றால் மற்றதையெல்லாம் எதை வைத்து நம்புவது? ஆண்டவர் பேச்சு கடினம் என்று அவரை விட்டுவிட்டுப் போனவர்கள் வேதத்திலேயே இருக்கிறார்கள். நின்றவர்களுக்கும் ஒன்றும் விளங்கிவிடவில்லை. போவதற்கு வேறு இடம் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நான் ஒரு நடைபாதையில் நிற்கிறேன்.

மூக்கி


ஜூலை 27

மூக்கி,

கோபம் போகவில்லை. ஆனால் இரண்டாகக் கிழிந்துவிட்டது. ஏழு வயதுக்காரியைத் திட்ட முடியவில்லை. இருபத்தேழு வயதுக்காரியைத் திட்டலாம், அவளுக்கு உடம்பு தாங்கும்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். போதகரிடம் போய் எழுதிக் காட்டினேன்: "ஒரு அம்மா. காது கேட்காது. யாரும் எதுவும் சொல்லவில்லை. செத்துப்போனாள். கெட்டுப்போனாளா?" யாருடைய அம்மா என்று எழுதவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும். ஒரு தாளில் எழுதினார், கிழித்தார். இன்னொன்றில் எழுதினார், அதையும் கிழித்தார். மூன்றாவதை என்னிடம் தந்தார். அப்படியே கீழே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் குறைக்காமல்.

"வேதத்தில் இருப்பதை நான் மாற்ற முடியாது. அதில் இல்லாததைச் சொல்லி உங்களைத் தேற்றவும் முடியாது. அந்த அம்மாவின் தீர்ப்பு என் கையில் இல்லை. ஆனால் அன்று அது என் கையில் இருப்பதுபோல மேஜையைத் தட்டினேன். அதற்காக வருந்துகிறேன்."

இது உனக்குப் போதுமா? எனக்குப் போதவில்லை. அங்கேயே நோட்டைத் திறந்து நாற்பத்து மூன்று என்று நம்பர் போட்டேன். மனுஷன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டு எழுதினார்: "இன்னும் எத்தனை கேள்வி அம்மா?" அவர் மனைவி இந்தத் தடவை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் போதனை எனக்கும் பிடிக்கவில்லை மூக்கி. வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் கேள்விப்படாமலே போன என் அப்பாவும்தானே அந்தக் கணக்கில் வருகிறார். ஆனால் அது எனக்கு வரவேண்டிய கல். பிப்ரவரியிலேயே தந்திருந்தால் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், உனக்குத் துணையாவது இருந்திருக்கும். நீ தனியாக வைத்துக்கொண்டு, தனியாக நொந்து, ஊரைவிட்டே போனாய்.

நாலைந்து மடிப்புக் கனத்துணி வந்தால் நான் மோட்டாரை நிறுத்திவிடுவேன். சக்கரத்தைக் கையால் சுற்றுவேன். ஒரு தையல். நிறுத்திப் பார்ப்பேன். இன்னொரு தையல். அப்படித்தான் இதற்குள்ளும் போகப்போகிறேன். எந்த வழியாக எனக்கு விசுவாசம் வந்தது என்று தெரியாது. வந்துவிட்டது. ஆளை உள்ளே விட்டபிறகு எந்தக் கதவு என்று கேட்டு வெளியே அனுப்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முங்கத்தான் போகிறேன். நீ வா. ஒரே நிபந்தனை. அன்று யார் என்ன சொன்னாலும் முழுதாகத் தரவேண்டும். எனக்குக் கசக்குமா என்று நீ முன்னாலேயே ருசி பார்க்கக்கூடாது.

ஊசி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

போதகர் எழுதியதைப் பலமுறை படித்தேன். தேற்ற முடியாது என்று ஒருவர் ஒத்துக்கொண்டது, தேற்ற வந்த எல்லோரையும்விட நன்றாக இருந்தது. ஆனாலும் வர முடியாது.

யோசித்துப் பாருங்கள். அவர் உங்களிடம் கேட்பார். நீங்கள் கையால் பதில் சொல்வீர்கள். அதைச் சபைக்குக் கேட்கும்படி நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம்புகிறேனா என்று தெரியாத ஒருத்தியின் வாய்க்குள் அந்தச் சொல்லைப் போட்டு வெளியே எடுப்பதா? பிப்ரவரியில் உங்களுக்கு ஒன்று செய்தேன். இது இரண்டாவதாகிவிடும்.

இந்த மலையூரில் மூன்று நாளாகப் பனிமூட்டம். எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது, வீடு தெரியவில்லை. நானும் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். கோபிக்காதீர்கள்.

மூக்கி


ஆகஸ்ட் 22

மூக்கி,

சரி. வராதே.

உனக்குப் பதிலாக ஒரு பெண் வருகிறாள். ஆறு வாரப் பயிற்சி முடித்தவள். நல்ல பிள்ளை, வியர்த்துக் கொட்டக் கொட்டக் கை காட்டுகிறாள். போன ஞாயிறு 'பரிசுத்த ஆவி' என்று வந்த இடத்திலெல்லாம் கொதிக்கிற பாத்திரத்திலிருந்து எழும் ஆவியைக் காட்டினாள். சுத்தமான ஆவி. ஒரு மணி நேரம் பதினொரு பேரும் இஸ்திரிப்பெட்டி ஞாபகத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

என் பதில் அவள் வாயில் என்னவாக வெளியே வரும் என்று தெரியவில்லை. கடவுளுக்குத் தமிழ் தெரியும், சமாளித்துக்கொள்வார்.

ஊசி


செப்டம்பர் 15

மூக்கி,

ஈரப் பாவாடையோடு பஸ் பிடிக்க ஓடிவிட்டாய். என் புதுத் துண்டும் உன்னோடு வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேச விடவில்லை.

நீ கடைசி நிமிஷத்தில் பக்கவாசல் வழியாக வந்து, அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி அவள் இடத்தில் நின்றாய் பார், எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, "தலைமுடியைப் பார், சீவவேயில்லை" என்ற நினைப்புத்தான். பிரசங்கம் முழுதும் தந்தாய். எதையும் வடிகட்டவில்லை. அதில் ஒரு வரி எனக்கு வலித்தது. நன்றி.

அப்புறம் தொட்டி. இடுப்புவரை தண்ணீர். போதகர் என் இரண்டு கையையும் மார்பின்மேல் குறுக்கே வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் அப்படித்தானே பிடிப்பார். பிறகு கேட்டார். மேலே நின்ற நீ காட்டினாய்: நம்புகிறாயா? நான் எதை வைத்துப் பதில் சொல்வேன்? என் வாய் அவர் பிடியில் இருக்கிறது! இழுத்தேன். பயப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கினார். அவர் கேட்கிறார், நான் இழுக்கிறேன், அவர் இறுக்குகிறார். கடைசி வரிசையில் தச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. ஆமாம், வந்திருந்தார். "சும்மா, தொட்டியோட மரப்படி சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்" என்கிறார்.

அப்போதுதான் நீ செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினாய். நீ என்ன கத்தினாயோ, அவர் சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை விட்டார். நான் காட்டினேன். நம்புகிறேன். கையிலிருந்து தண்ணீர் தெறித்து அவர் கண்ணாடியெல்லாம் துளி.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். நான் ஒருமுறைதான் காட்டினேன். உன் வாய் இரண்டு முறை அசைந்தது. முதல் தடவை சபையைப் பார்த்துச் சொன்னாய். இரண்டாவது தடவை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உதடு சரியாகத் தெரியவில்லை. என்ன சொன்னாய்? உண்மையை எழுது.

ஊசி


செப்டம்பர் 23

அன்புள்ள அக்கா,

துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். அனுப்புகிறேன்.

"கையை விடுங்க ஐயா, அவங்க பேசணும்!" என்றுதான் கத்தினேன். சபைக்குள் நான் அவ்வளவு உரக்கப் பேசியதே இல்லை. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. படி ஞாபகத்தில் இல்லை. தண்ணீர் ஞாபகம் இருக்கிறது. மேல் ஜன்னல் வெளிச்சம் அதில் பச்சையாக நெளிந்துகொண்டிருந்தது. உங்கள் வெள்ளை அங்கி உங்களைச் சுற்றி மெல்ல மெல்ல விரிந்தது. எல்லாம் ரொம்ப மெதுவாக நடந்தது. நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கண்ணாடித் தடுப்பும் இல்லாமல் நான் அந்த நிசப்தத்துக்குள் நின்றேன்.

ஒருவர் கையால் சொல்வதைக் குரலில் சொல்லும்போது, 'அவர் நம்புகிறாராம்' என்று சொல்வதில்லை அக்கா. அவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்போம். அப்படித்தான் பழகியிருக்கிறோம். நீங்கள் காட்டினீர்கள். நான், "நம்புகிறேன்" என்றேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. அது முழுக்க உங்களுடையது. அதில் என் எச்சில்கூட இல்லை.

பிறகு வாய் மூடவில்லை. அதே சொல் இன்னொரு தடவை வந்தது. சின்னக் குரலில். பக்கத்தில் நின்ற போதகருக்குக் கேட்டதோ என்னவோ. அவர் துளி விழுந்த கண்ணாடியோடு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைச் சொல்ல நினைத்து வரவில்லை. சொன்னபோது அம்மாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்துவிடவில்லை. இப்போதும் தெரியாது. அந்தப் போதனையோடு எனக்கு இன்னும் சண்டைதான். அதெல்லாம் இருக்கும்போதேதான் வந்தது.

போன ஞாயிறு தெருமுனைச் சபைக்குள் போனேன். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இந்த ஞாயிறு முக்கால்வாசி இருந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் ஞானஸ்நானத்தில் நீங்கள் சொல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டேன். தப்புத்தான், மன்னித்துவிடுங்கள். ஆனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

மூக்கி